கசற்றுக்குள் நின்றவன்

பழைய கேம் கசற்றுக்குள் ஒரு பற்றரி இருக்கிறது என்பது அதில் வருடக்கணக்காக விளையாடியவர்களுக்கே தெரியாது. எனக்கும் தெரியாமல்தான் இருந்தது. ஒருநாள் பின்னேரம் பம்பலப்பிட்டி ஸ்டேஷனில் ரெயிலுக்கு நின்றபோது பையிலிருந்த கேம் மெஷினை எடுத்து ஸ்விட்சைப் போட்டேன். பள்ளிக்கூடக் காலத்திலிருந்து நான் சேர்த்து வைத்திருந்த விளையாட்டு முழுவதும் துடைத்து விட்டாற்போல் இல்லை. புதிதாக ஆரம்பிக்கவா என்று கேட்டது மெஷின். வந்த ஆத்திரத்துக்கு அதைத் தண்டவாளத்தில் எறிந்திருப்பேன். வீட்டுக்கு வந்து கசற்றின் முதுகைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே பச்சை நிறத்தில் ஒரு சின்னப் பலகை. அதன் மூலையில் கோட்டுப் பொத்தான் அளவில் ஒரு தட்டைப் பற்றரி. நாம் எந்த இடத்தில் விட்டோம், என்ன வைத்திருந்தோம் என்பதையெல்லாம் அந்தப் பலகை ஞாபகம் வைத்திருப்பது இந்தப் பொத்தானின் தயவில்தான். மெஷினை நிறுத்தி அலுமாரியில் பூட்டி வைத்தாலும் அது உள்ளே இருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கரண்ட் கொடுத்துக்கொண்டே இருக்கும். பத்துப் பதினைந்து வருடத்தில் செத்துப்போகும். அதோடு எல்லாம் போச்சு.

நான் அப்போது ஒருகொடவத்தையில் ஒரு கொன்ரெய்னர் யார்டில் கிளார்க். சமாதானம் என்று சொல்லிக்கொண்டிருந்தது முறிந்து, வழியெல்லாம் மறுபடி செக்பொயின்ற் முளைத்திருந்த காலம். எனக்குப் பக்கத்து மேசையில் இருந்தவன் கொட்டாஞ்சேனைக்காரன், வேதக்காரப் பிள்ளை, ஆறடி உயரம். தகப்பன் துறைமுகத்தில் வேலை செய்து காலமானவர். வீட்டில் தாயும் இவனும்தான். எங்கள் இருவரிடமும் ஒரே கேம் இருந்தது. தோட்டம் செய்கிற கேம் அது. தொப்பி போட்ட ஒரு சின்ன மனிதன் நிலம் கொத்தி, விதை போட்டு, மாடு வளர்ப்பான். சுடுவது கிடையாது, வெட்டுவது கிடையாது. கொழும்பில் பிறந்து வளர்ந்து ஒரு கத்தரிச் செடிகூட நட்டறியாத இரண்டு தடியன்கள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் கொன்ரெய்னர் நிழலில் இருந்து பால் கறந்துகொண்டிருந்தோம். மாட்டுக்கு நாமே பெயர் வைக்கலாம். அவன் தன் பசுவுக்கு அம்மா என்று ஆங்கில எழுத்தில் அடித்து வைத்திருந்தான். அதைக் கேட்டு அவனுடைய தாய், "பெத்து வளத்ததுக்கு என்னை மாடாக்கிட்டான் பாருங்க" என்று தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தவர்.

ஒரு சனிக்கிழமை காலை போனுக்கு ரீலோட் போடவென்று சந்திக்கடைக்குப் போனவன் வீட்டுக்குத் திரும்பவில்லை. பாட்டாச் செருப்போடு போனான். ஆட்களைக் கடத்துகிற வெள்ளை வான் ஒன்று நின்றது என்று அன்றைக்குச் சொன்ன கடைக்காரர், மறுநாள் எந்த வானையும் தான் காணவில்லை என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. திங்கட்கிழமை வேலைக்குப் போனேன். அவனுடைய மேசையில் மூடி போடாமல் ஒரு பேனை கிடந்தது. மூன்றுநாள் அந்தப் பேனையை ஒருத்தரும் தொடவில்லை. நானும் தொடவில்லை. அதன் பிறகு பொலிஸ், ஆஸ்பத்திரி, காணாமல் போனவர்களுக்கான ஆணைக்குழு என்று அவனுடைய தாயோடு அலைந்ததை நான் இங்கே எழுதப் போவதில்லை. தெரிந்தவர்களுக்குத் தெரியும். தெரியாதவர்களுக்கு எத்தனை பக்கம் எழுதினாலும் விளங்காது.

அவனுடைய தாயை நான் அன்ரி என்றுதான் கூப்பிடுவேன். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது கொட்டாஞ்சேனைக்குப் போய் வருவேன். அன்ரி பூசை கண்டுவிட்டு வந்து, மாதா படத்துக்கு முன்னால் மெழுகுதிரி கொளுத்துவார். பிறகு படத்தின் கீழே துவாயில் சுற்றி வைத்திருக்கும் கேம் மெஷினை எடுத்து, ஒரே பொத்தானை இரண்டு தரம் அமத்துவார். அது ஒன்றுதான் அவருக்குத் தெரியும். மகன் கடைசியாக விளையாடி விட்ட இடம் திரையில் வரும். மாட்டுக் கொட்டில், பசு, பக்கத்தில் தொப்பி போட்ட அந்தச் சின்ன மனிதன். அன்ரி வேறு எதையும் தொடமாட்டார். ஐந்து நிமிடமோ பத்து நிமிடமோ பார்த்துவிட்டு நிறுத்துவார்.

"இன்னைக்கும் அங்கதான் நிக்கிறான்" என்பார்.

சும்மா இருந்திருக்கலாம். வேலியில் போன ஓணானைப் பிடித்து வேட்டிக்குள் விட்டவன் நான்தான். அந்தக் கசற்றுக்கும் என்னுடையதின் வயதுதான் என்பது தலைக்குள் குடைந்துகொண்டே இருந்தது. ஒருநாள் வாயை விட்டேன். "அன்ரி, இதுக்குள்ள ஒரு பற்றரி இருக்கு. அது பழசாப் போச்சு. என்ரது போன வருஷம் செத்துப் போச்சு. இதுவும் எப்ப எண்டு சொல்லேலாது."

"செத்தா?"

"இந்தப் படம் வராது."

அன்ரியின் முகம் போன போக்கை நான் எதிர்பார்க்கவில்லை. ஆணைக்குழுவில் கூட அவர் அப்படி ஆனதில்லை. மெஷினை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டார். புதுப் பற்றரி போடலாம், இன்னும் பத்து வருடம் போகும் என்று அவசரமாகச் சொன்னேன். அதுக்குப் பிறகு என்று கேட்டார். பத்து வருடத்துக்குப் பிறகு நான் எந்த நாட்டில் இருப்பேனோ, உயிரோடு இருப்பேனோ மாட்டேனோ, யாருக்குத் தெரியும். அப்போதுதான் சார்ஜ் ஏறுகிற பற்றரி ஞாபகம் வந்தது. அதே அளவில் வருகிறது. மெஷினைப் போட்டு வைத்திருக்கும் நேரமெல்லாம் அதற்குச் சார்ஜ் ஏறும். கிழமைக்கு ஒருநாள் ஒரு மணித்தியாலம் போட்டு வைத்தால் போதும். ஞாயிறு தவறாமல் மெழுகுதிரி கொளுத்துகிற அன்ரிக்கு இது பெரிய காரியமா? எனக்கே என் மூளையை நினைத்துப் பெருமையாக இருந்தது.

அன்ரி என்னை மாதா படத்துக்கு முன்னால் கூட்டிக்கொண்டு போனார். "நீ சைவம். ஆனா மாதாவுக்கு எல்லாரும் பிள்ளைங்கதான். சத்தியம் பண்ணு. என் பிள்ளையை அசைக்க மாட்டேன்னு. எந்தப் பட்டனையும் அமத்த மாட்டேன்னு."

வலது கையை வைத்துச் சத்தியம் பண்ணினேன். உண்மையாகத்தான் பண்ணினேன்.

பற்றரியும் வயரும் சோல்டரிங் அயனும் ஒன்றாகப் பையில் வைத்திருக்கிற தமிழனுக்கு அந்நாளில் செக்பொயின்றில் இது குண்டுக்கு இல்லை என்று விளக்கம் சொல்லி முடிக்க ஒரு பகல் போதாது. ஆகையால் புறக்கோட்டையில் ஒருநாள் பற்றரி வாங்கினேன். இன்னொருநாள் வயர். அடுத்த கிழமை டயோட். கடைக்காரர் சிங்களத்தில் எதற்கு என்று கேட்டபோது மணிக்கூட்டுக்கு என்றேன். டயோட் என்பது கரண்டை ஒரு பக்கம் மட்டும் போகவிடுகிற வாசற்காரன். கசற்றில் ஏற்கெனவே இருக்கும் வாசற்காரன் பற்றரிக்குள் கரண்ட் போகாமல் மறிப்பான். சாதாரணப் பற்றரிக்குச் சார்ஜ் ஏற்றினால் அது வீங்கி வெடிக்கும் என்பதால் அந்தக் காவல். சார்ஜ் ஏறும் பற்றரி போடுகிறவன் அந்த வழியை வெட்டிவிட்டு, அளவான கரண்ட் போக வேறு வழி போடவேண்டும். இதை என்னுடைய இரண்டு கசற்றில் செய்து, ஒன்றை எரித்து, மற்றதில் சரிவரச் செய்து பழகிய பிறகுதான் அன்ரியின் கசற்றில் கை வைத்தேன்.

வெள்ளவத்தையில் நானும் அம்மாவும் இருந்தது ஒரு ஒடுக்கமான ஒழுங்கையில், மாடி வீட்டின் கீழ்ப்பகுதி. ஞாயிறு காலை சாப்பாட்டு மேசையில் பேப்பர் விரித்து வேலை தொடங்கினேன். பழைய பற்றரியைக் கழற்றும் நேரத்தில் பலகைக்குக் கரண்ட் நின்றால் ஞாபகமும் போய்விடும். அதனால் இன்னொரு பற்றரியிலிருந்து இரண்டு வயரை இழுத்து முதலில் பலகையில் ஒட்டினேன். பிறகு பழையதைக் கழற்றினேன். புதியதைப் பற்றவைத்தேன். கடைசியில் தற்காலிக வயரை எடுத்தேன். அந்த இருபது நிமிடமும் நான் மூச்சு விட்டேனா என்று சந்தேகம். மெஷினில் போட்டு ஒரு பொத்தானை இரண்டு தரம் அமத்தினேன். கொட்டில் வந்தது, பசு வந்தது, அவனும் நின்றான். திரை மூலையில் கேமின் தேதி மூன்றாம் வருடம், மாரிகாலம், பதினான்காம் நாள். ஒரு கணம் பார்த்துவிட்டு, சத்தியம் ஞாபகம் வந்து உடனே நிறுத்தினேன். அந்த அவசரத்துக்காக இன்றைக்கும் என்னைத் திட்டிக்கொள்கிறேன்.

உடனே கொண்டுபோய்க் கொடுத்திருக்கலாம். ஆனால் நான் ஒழுங்குக்காரன். ஒரு கிழமை வைத்திருந்து, தினமும் காலை மீட்டரில் பற்றரியின் அளவைப் பார்த்து, இறங்காமல் நிற்கிறதா என்று உறுதிப்படுத்திவிட்டுத்தான் கொடுப்பது என்று முடிவு செய்தேன். முதுகு மூடாமல், பற்றரியும் வயரும் வெளியே தெரிய, அது ரீவிக்குப் பக்கத்தில் ஒரு தேத்தண்ணீர்ப் பீரிசில் இருந்தது.

ஐந்தாம் நாள் காலை, நான் வேலைக்குப் போன பிறகு, ஆமிக்காரர் ஒழுங்கையைச் சுற்றி வளைத்துவிட்டார்கள்.

என் அம்மாவைப் பற்றி இங்கே சொல்லவேண்டும். நான் சின்ன வயதிலிருந்து மாமா வீட்டில் நின்று கொழும்பில் படித்தவன். அம்மா யாழ்ப்பாணத்தில் இருந்து, அந்தப் பக்கத்துக் கஷ்டம் எல்லாம் பட்டு, சமாதான காலத்தில் பாதை திறந்த பிறகுதான் என்னிடம் வந்தார். யுத்த காலத்தில் அங்கே பற்றரி என்பது அரசாங்கம் தடைசெய்த பொருள். ஒரு ரோச் லைற் பற்றரியைச் சீலைக் கொய்யகத்தில் சுற்றி வவுனியா தாண்டியவர்களும், அதற்காக வெயிலில் நாள்முழுக்க நிறுத்தப்பட்டவர்களும் எங்கள் சொந்தத்திலேயே உண்டு. சனம் சைக்கிள் டைனமோவைச் சுற்றித்தான் ரேடியோ கேட்டது. அம்மாவுக்குக் கொழும்பில் கடைக்குக் கடை பற்றரி தொங்குவதைப் பார்த்தும் பயம் தெளியவில்லை. ஆமி வருகிறது என்று கேள்விப்பட்டால் மற்றத் தாய்மார் அடையாள அட்டையைத் தேடுவார்கள். என் அம்மா பற்றரியைத் தேடுவார்.

அன்றைக்கும் மேல்வீட்டுப் பெண் ஜன்னலால் குரல் கொடுத்ததும் அம்மா வேலையைத் தொடங்கிவிட்டார். சுவர் மணிக்கூட்டுப் பற்றரி, ரோச் பற்றரி, ரீவி ரிமோட் பற்றரி, என்னுடைய பழைய கல்குலேட்டர் பற்றரி, ஒன்றும் தப்பவில்லை. எல்லாம் ஒரு பொலித்தீன் பையில் போய், அரிசி வாளிக்குள் புதைந்தது. அதன் பிறகு ரீவிப் பக்கம் திரும்பியிருக்கிறார்.

ஆமிக்காரர் மூன்றுபேர் வந்து, பொலிஸ் பதிவைப் பார்த்து, கட்டிலுக்குக் கீழே குனிந்து பார்த்து, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்களாம். போகும்போது ஒருவன் சுவரைக் காட்டி மணிக்கூடு ஏன் ஓடவில்லை என்று கேட்டானாம். சிங்களம் தெரியாத அம்மா அதற்குத் தலையை ஆட்டிச் சிரித்தாராம். இவ்வளவையும் அம்மா பின்னேரம் எனக்கு வெற்றிக் கதையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் பாதி கேட்டுக்கொண்டு சப்பாத்தைக் கழற்றினேன். தற்செயலாகப் பீரிசைப் பார்த்தேன்.

பலகை இருந்தது. பற்றரி இல்லை. பற்றரியைப் பிடித்திருந்த தகட்டுக் கால் இரண்டும் கத்தரிக்கோலால் நறுக்கியிருந்தது.

பீரிசை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனேன். "அம்மா, இது?"

"ஓம், அதையும் வெட்டிப் போட்டன். வயரும் பற்றரியுமா என்னடா அது? பாக்கவே ஈரல்குலை நடுங்குது. ஆமிக்காரன் கண்டால் என்ன எண்டு நினைப்பான்?"

"அது கேம் அம்மா! கேம்!"

"அவனுக்குத் தெரியுமே கேம் எண்டு? நான் எந்தப் பாஷையில சொல்லுறது?"

கத்தினேன். அம்மாவைப் பார்த்து என் வாழ்நாளில் சொல்லாத சொல்லெல்லாம் சொன்னேன். படிப்பறிவில்லாத சனம் என்றுகூடச் சொன்னேன். அவர் முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவர். அது யாருடைய கசற், அதற்குள் என்ன இருந்தது என்று நான் சொல்லி முடிக்கும்வரை அம்மா அகப்பையைக் கையில் பிடித்தபடி நின்றார். பிறகு சொன்னார்.

"அந்தப் பிள்ளையையே கொண்டு போயிட்டாங்கள். அவன்ர பற்றரிக்கு நீ இந்தக் குதி குதிக்கிறாய். உன்னைக் கொண்டு போனால் நான் எந்தப் பெட்டியைப் போட்டு உன்னைப் பாக்கிறது?"

பீரிசையும் கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன்.

வீம்புக்குப் புதிய பற்றரி ஒன்றைப் பற்றவைத்து மெஷினைப் போட்டேன். எல்லாம் போயிருக்கும் என்று எனக்குத்தானே நன்றாகத் தெரியும். ஆனாலும் திரையில் புதிதாக ஆரம்பிக்கவா என்று வந்தபோது பேயறைந்தவன் போல நின்றேன். நான் பம்பலப்பிட்டி ஸ்டேஷனில் பார்த்த அதே கேள்விதான். அங்கே எனக்குக் கோபம் வந்தது. இங்கே ஒரு ஆளைக் கையால் தொலைத்தவன் போல ஆகிவிட்டேன்.

அடுத்த நாள் அன்ரி எனக்குப் போன் எடுத்தார். "முடிஞ்சுதா மகன்?" என்றார். ஒரு சாமான் வரவேண்டும், மூன்று கிழமை செல்லும் என்றேன். அந்தப் பொய் எப்படி வாயில் வந்தது என்று எனக்கே தெரியவில்லை. போனை வைத்த பிறகுதான் நான் என்ன செய்யப் போகிறேன் என்பது எனக்கு விளங்கியது.

மறுபடி விளையாடினேன். அவன் விட்ட இடத்துக்கு நானே போவது என்று. பஸ்ஸில், ரெயிலில், கொன்ரெய்னர் நிழலில், லீவு போட்டு வீட்டில், எந்நேரமும் நிலம் கொத்தினேன். பசு வாங்கி அம்மா என்று ஆங்கில எழுத்தில் அடித்தேன். அவன் எங்கே வேலி போட்டான், எங்கே கிழங்கு நட்டான் என்பதெல்லாம் எனக்குத் தெரியும், அவ்வளவு தரம் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்திருக்கிறேன். ஒரு வருடத்தை ஒரு கிழமையில் தள்ளினேன். அவன் சந்தோஷமாகச் செய்ததை நான் பல்லைக் கடித்துக்கொண்டு செய்தேன். அம்மா என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். தேத்தண்ணீரை மட்டும் கையருகே வைத்துவிட்டுப் போவார். கடைசியில் மூன்றாம் வருடம், மாரிகாலம், பதினான்காம் நாள் வந்தது. மனிதனைக் கொட்டிலுக்குக் கொண்டுபோய், பசுவுக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். முதுகை மூடி, திருகாணி இறுக்கினேன். கள்ள நோட்டு அடிப்பவனுக்கும் இப்படித்தான் இருக்கும், கொஞ்சம் வெட்கமும் கொஞ்சம் பெருமையும்.

ஞாயிறு காலை மட்டக்குளி பஸ் ஏறிக் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். அன்ரி பூசையால் வந்த சீலையோடு இருந்தார். மெழுகுதிரி எரிந்துகொண்டிருந்தது. மெஷினை வாங்கி முத்தமிட்டார். ஒரு பொத்தானை இரண்டு தரம் அமத்தினார். கொட்டில் வந்தது.

அன்ரி பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிச் சீலைத் தலைப்பால் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"திரும்பிட்டான்" என்றார்.

எனக்கு விளங்கவில்லை.

"இவ்வளவு நாளும் மாட்டைப் பாத்துக்கிட்டு, எனக்கு முதுகைக் காட்டிக்கிட்டு நின்னான். இப்ப என்னைப் பாக்கிறான். முகம் தெரியுது மகன்!"

நாளைக் கவனித்தேன், வேலியைக் கவனித்தேன், கிழங்கைக் கூடக் கவனித்தேன். அவன் எந்தப் பக்கம் பார்த்து நின்றான் என்பதைக் கவனிக்கவில்லை. ஒன்றரை வருடம் ஞாயிறு தவறாமல் அந்த முதுகையே பார்த்த தாயிடம் நான் கள்ளப் பிள்ளையைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறேன்.

"நீ பட்டனை அமத்தினியா?" என்று கேட்டார் அன்ரி. குரலில் கோபம் இல்லை. வேறு எதுவோ இருந்தது.

"இல்லை அன்ரி" என்றேன். திருடனுக்குத் தேள் கொட்டினால் வாய் திறக்கவா முடியும்?

"எனக்குத் தெரியும். நீ மாதாவுக்கு முன்னால சத்தியம் பண்ணின பிள்ளை. நீ தொட மாட்டாய்." அன்ரி எழுந்து போய்த் தெருக்கதவைச் சாத்தினார். திரும்பி வந்து எனக்கு முன்னால் முழந்தாளில் இருந்து, என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். குரலைத் தாழ்த்திக் கேட்டார். "அவன் உன் வீட்டிலயா இருக்கான்?"

கையை இழுக்கப் பார்த்தேன், அன்ரி விடவில்லை.

"அடுத்த தெருப் பையனையும் செத்துட்டான்னுதானே சொன்னாங்க. எட்டு மாசத்துக்குப் பிறகு வெளிநாட்டிலயிருந்து தாய்க்குப் போன் எடுத்தான். வெள்ளவத்தையில ஒளிச்சு வச்சிருந்து அனுப்பினாங்களாம். என் பிள்ளையும் அப்படித்தானே? சொல்லு மகன். நான் ஒருத்தருக்கும் சொல்ல மாட்டேன். ஃபாதருக்குக் கூடச் சொல்ல மாட்டேன். மூணு கிழமை நீ ஏன் வச்சிருந்தாய்னு இப்பத்தான் விளங்குது. அவன் கையில குடுத்திருக்க. அவன் விளையாடியிருக்கான். நான் உயிரோட இருக்கேன்னு எனக்குத் திரும்பிக் காட்டுறான்."

ஐயோ என்று எனக்கு வாய்விட்டே வந்துவிட்டது. ஒரு சின்னப் படம் தலையைத் திருப்பினதற்கு இப்படி ஒரு அர்த்தம் வரும் என்று எந்த மடையன் நினைப்பான்? எல்லாவற்றையும் கொட்டினேன். சுற்றிவளைப்பு, அம்மா, கத்தரிக்கோல், அழிந்துபோனது, நான் விளையாடினது, நான் நிறுத்தினது, இப்போது சொன்ன பொய், ஒன்றையும் விடவில்லை. "மாதா மேல சத்தியமா அவன் எங்கட வீட்டில இல்லை அன்ரி" என்றேன். சொன்ன பிறகுதான் உறைத்தது, அந்தச் சத்தியத்தை நான் ஏற்கெனவே உடைத்தாயிற்று என்று.

அன்ரி பொறுமையாகக் கேட்டார். இடையில் ஒருதரம் தலையைக்கூட ஆட்டினார். நான் முடித்ததும் என் கன்னத்தைத் தடவினார்.

"இப்படிச் சொல்லணும்னு சொல்லித்தானே அனுப்பியிருக்கான்? சரி. நான் இனி ஒண்ணும் கேக்க மாட்டேன். நீ பயப்படாத."

உள்ளே போய் அலுமாரியைத் திறக்கும் சத்தம் கேட்டது. இரண்டு சேர்ட், ஒரு சாரம், ஒரு புதுப் பல்தூரிகை, எல்லாம் ஒரு கடைப் பையில் வைத்துக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். வேண்டாம் என்று சொன்னேன். ஓம், சொன்னேன். பிறகு வாங்கிக்கொண்டேன். வாங்காமல் அந்தக் கதவைத் திறந்து வெளியே வர எனக்குத் தைரியம் இருக்கவில்லை.

வரும் வழியில் செக்பொயின்றில் எல்லாரையும் பஸ்ஸை விட்டு இறக்கினார்கள். ஒரு சிப்பாய் பையைத் திறந்து, மேலிருந்த சேர்ட்டைத் தோளில் பிடித்துத் தூக்கிப் பார்த்தான். அயன் பண்ணிய நீலச் சேர்ட். யாருடையது என்று சிங்களத்தில் கேட்டான். என்னுடையது என்றேன். என்னை விட ஒரு முழம் நீண்டிருந்த அந்தச் சேர்ட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பையைத் திருப்பித் தந்தான்.

அன்ரி ஞாயிறு தவறாமல் மெஷினை ஒரு மணித்தியாலம் போட்டு வைத்தார். பற்றரிக்குச் சார்ஜ் ஏறியது. என் வாழ்க்கையில் நான் செய்த வேலைகளில் பிழைபோகாத வேலை அது ஒன்றுதான், அந்தப் பொய் ஒருநாளும் அழியவில்லை. மதியம் பன்னிரண்டு மணிக்கு எங்கள் வீட்டுப் போன் அடிக்கும். முதல் இரண்டு ஞாயிறும் நான் மறுபடி உண்மையைச் சொல்லப் பார்த்தேன். "போன்ல கதைக்காத மகன், கேட்டுக்கிட்டு இருப்பாங்க" என்று அவசரமாக வைத்துவிட்டார்.

மூன்றாவது ஞாயிறு அம்மாதான் போனை எடுத்தார். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நின்றவர், அதை என்னிடம் நீட்டினார்.

"சும்மாதான் எடுத்தேன்" என்றார் அன்ரி. "ரெண்டு பேரும் சாப்பிட்டீங்களா?"

அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்தப் பக்கத்தில் அன்ரி மூச்சு விடுவது கேட்டது.

"ஓம் அன்ரி" என்றேன். "ரெண்டு பேரும் சாப்பிட்டிட்டம்."